கண்ணில் பூ விழுந்த ஏஞ்சல்

பெரியதாக வேண்டும் அம்மா. சின்னது வேண்டாம். கையை விரித்தால் எவ்வளவு வருமோ அவ்வளவு பெரியது. மஞ்சளும் நீலமும் கோடு கோடாக ஓடி, கண்ணுக்கு மேல் கறுப்புப் பட்டை கட்டினது. எம்பரர் ஏஞ்சல் என்கிறீர்களே, அதுதான். வயதானதாக இருந்தால் நல்லது. இடது கண்ணில் பூ விழுந்திருந்தால் இன்னும் நல்லது.

சிரிக்காதே. மீன் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் கண் தெளிவாக இருக்கிறதா, செவுள் சுத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நான் கண் கெட்டதைக் கேட்கிறேன். காரணம் இருக்கிறது. வியாழக்கிழமை காலையில் ஒருவன் என் வீட்டுக்கு வருகிறான். பாம்பனிலிருந்து வருகிறான். வந்து ஒரு மீனைப் பார்க்க வேண்டுமாம். அந்த மீன் என்னிடம் இல்லை. செத்துப் பத்தொன்பது வருடம் ஆகிறது. அது செத்தது அவனுக்குத் தெரியாது. இனிமேல் தெரியவும் கூடாது. அதற்குத்தான் வந்தேன்.

உன் பெயர் பெனாசிர் என்றுதானே வெளியில் சொன்னார்கள். என்னை உனக்குத் தெரிந்திருக்காது. உன் அப்பாவைக் கேட்டால் சொல்வார். இந்தக் கொளத்தூரில் ஏஞ்சல் மாசிலாமணி என்றால் ஒரு காலத்தில் பெங்களூரிலிருந்து லாரி வந்து நிற்கும். நாற்பது வருடமாக ஏஞ்சல் வளர்க்கிறேன். ஆனால் நான் வளர்ப்பது நல்ல தண்ணீர் ஏஞ்சல். உன்னுடையது கடல் ஏஞ்சல். இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்தவன் யாரோ, அவன் ஒரு நாளாவது மீனைக் கையில் பிடித்திருக்க மாட்டான்.

நீ என் வீட்டுக்கு வந்து பார். என் மீன் அம்பு மாதிரி இருக்கும். மேலே ஒரு வால், கீழே ஒரு வால் என்று நீளமாகத் தொங்கவிட்டுக்கொண்டு, எதிரில் நின்றால் ஒரு கோடுதான் தெரியும், அவ்வளவு ஒல்லி. உன்னுடையது தட்டு மாதிரி கனத்துக் கிடக்கும். என் மீனுக்குக் கன்னம் வழவழப்பு. உன் மீனுக்குக் கன்னத்தில் முள் இருக்கிறது. வலையில் மாட்டினால் வலையைக் கத்தரித்துத்தான் எடுக்க வேண்டும். எனக்குத் தெரியும். கத்தரித்திருக்கிறேன்.

அதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. என் மீன் குடும்பம் நடத்தும். ஆணும் பெண்ணும் ஜோடி சேர்ந்து ஒரு கடப்பாக் கல் துண்டை வாயால் தேய்த்துத் தேய்த்துச் சுத்தம் செய்து, வரிசையாக முட்டை வைத்து, இரண்டும் மாறி மாறி விசிறிக்கொண்டு நிற்கும். குஞ்சு வழி தவறினால் வாயில் கவ்விக் கொண்டுவந்து விடும். உன் மீன் அப்படியா? முட்டையைக் கடலில் விட்டுவிட்டுப் போய்விடும். அது எங்கே மிதந்தது, எங்கே பொரித்தது, எதுவும் தெரியாது. தன் குஞ்சு எதிரே வந்தால்கூட அடையாளம் தெரியாது. இதையெல்லாம் எனக்குச் சொன்னவன் அவன்தான். ரெமிஜியுஸ். வியாழக்கிழமை வருகிறவன்.

ரெமிஜி சங்கு குளித்தவன். ஒரு காது கடலுக்கடியில் வெடித்துப் போய், இனிமேல் முங்கினால் இன்னொரு காதும் போகும் என்று டாக்டர் சொன்னதால் ஊரை விட்டு வந்தான். அவன் அண்ணன் தம்பிகள் பாம்பனிலிருந்து கலர் மீன் பிடித்து அனுப்புவார்கள். அவன் இங்கே விற்பான். என் வீட்டுக் கீழ்ப் போர்ஷனைக் கொடுத்தேன். நானாகக் கூப்பிட்டுக் கொடுத்தேன், அதைக் குறித்துக்கொள். மேலே மாடியில் என் நல்ல தண்ணீர்த் தொட்டிகள், கீழே அவன் உப்புத் தண்ணீர்த் தொட்டிகள். நடுவில் நானும் என் வீட்டுக்காரி கனகவல்லியும். பிள்ளை கிடையாது எங்களுக்கு. ரெமிஜி என்னை அண்ணே என்பான், அவளை அண்ணி என்பான். அவன் மனைவி செலின் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து எங்கள் அடுப்பில்தான் மீன் குழம்பு வைப்பாள். வல்லிக்கு அந்தக் குழம்பு என்றால் உயிர்.

அப்புறம் வல்லிக்கு வயிற்றில் கட்டி வந்தது. அறுத்தார்கள், மறுபடி வந்தது. போதும், வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்றார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ரெமிஜிக்கு ஊரிலிருந்து ஒரு குஞ்சு வந்தது. கட்டைவிரல் நீளம். கருநீலம், அதன் மேல் வெள்ளை வட்டம். வட்டத்துக்குள் வட்டம், அதற்குள் இன்னொரு வட்டம், வால் பக்கம் போய் ஒரு புள்ளியாக முடியும். கிணற்றை மேலிருந்து பார்க்கிற மாதிரி இருக்கும். வல்லி அதைப் பார்த்துவிட்டாள். அன்றைக்கே நாற்காலியைக் கீழே தூக்கிவரச் சொன்னாள். அந்தத் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தவள், அஞ்சு மாதம் உட்கார்ந்தாள்.

"இன்னாடி பாக்கற அதுல?" என்று கேட்டேன் ஒரு நாள்.

"உள்ள போயினே கீதுய்யா. பாத்துனே இருந்தா வலி மறந்துடுது" என்றாள்.

நான் மாடியில் நானூறு ஜோடி ஏஞ்சல் வைத்திருந்தேன். வெள்ளி மாதிரி, முத்து மாதிரி, கரிக்கறுப்பில் ஒன்று, அதை உருவாக்க எனக்கு ஆறு வருடம் பிடித்தது. அதில் ஒன்றையாவது கொண்டு வா, பார்க்கிறேன் என்று அவள் கேட்டதில்லை. நானே ஒரு ஜோடியைச் சின்னத் தொட்டியில் போட்டு அவள் பக்கத்தில் வைத்தேன். "நல்லாருக்கு" என்றாள். திரும்பி அந்த வட்டத்தைப் பார்த்தாள். நான் அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. சும்மா சொல்கிறேன்.

சாவதற்கு நான்கு நாள் முன்னால் ரெமிஜியைக் கூப்பிட்டாள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். "தம்பி, அத்த பத்திரமா பாத்துக்கோ" என்றாள். என்னிடம் சொல்லவில்லை. அப்போதே இருபது வருடமாக மீன் வளர்க்கிறவன் பக்கத்தில் நிற்கிறேன். அவனிடம் சொன்னாள்.

அவள் போன பிறகு நான் கீழே இறங்கவில்லை. எங்கள் வீட்டுப் படி வெளியில் இருக்கிறது, கீழ்ப் போர்ஷனைப் பார்க்காமலே போகலாம் வரலாம். அந்தக் கதவு திறந்திருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏறிவிடுவேன். ரெமிஜி மாதம் ஒரு தடவையாவது படியடியில் நின்று கூப்பிடுவான். "அண்ணே, வந்து ஒருக்கா பாருங்கண்ணே, அது மாறிக்கிட்டு வருது" என்பான். அப்புறம் வருகிறேன் என்பேன். இரண்டு வருடம் அப்படியே போய்விட்டது. இரண்டாவது திதி முடிந்த அன்று மத்தியானம், என்னவோ தோன்றியது, இறங்கினேன்.

அதே தொட்டி. அதே இடம். உள்ளே வேறு மீன்.

இப்போது நான் உன்னிடம் கேட்கிறேனே, அந்த மீன். மஞ்சள் நீலக் கோடு, முகத்தில் திருடன் மாதிரிப் பட்டை. என் உள்ளங்கை அளவு. வட்டத்தைக் காணோம்.

"ரெமிஜி, வல்லி மீன் எங்கடா?" என்றேன்.

"இந்தா இருக்கேண்ணே."

"இது இன்னா?"

"அதாண்ணே இது. வளந்துருச்சு. நீங்கதான் எறங்கியே வரல."

"வட்டம் எங்க போச்சு?"

"வட்டம் போயிரும்ணே. சின்னப்ப ஒரு சட்டை, பெருசானா ஒரு சட்டை. கடல்ல பெருசு ஒவ்வொண்ணும் ஒரு பாறைய வளைச்சு வச்சிருக்கும். தன்ன மாதிரி கோடு போட்ட எவன் வந்தாலும் அடிச்சே கொன்னுரும். சின்னது வேற சட்டை போட்டுருந்தா, இவன் நம்ம சொந்தக்காரன் இல்லனு விட்ரும். அதுக்குத்தான் ஆண்டவர் அப்புடி வச்சிருக்காரு."

கதை எப்படிச் சொல்கிறான் பார். நான் குஞ்சு பார்க்காதவனா? லட்சக்கணக்கில் பார்த்தவன். என் மீன் பொரித்த ஒரு வாரத்தில் ஊசி முனை மாதிரித்தான் இருக்கும், மூன்று வாரத்தில் உருவம் வந்துவிடும். அதற்குப் பிறகு கறுப்பு கறுப்புதான், வரி வரிதான், நாளுக்கு நாள் பெரிதாகும், அவ்வளவுதான். பிறந்த சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறு சட்டை போடுகிற ஏஞ்சலை நான் பார்த்ததில்லை. நான் பார்க்காத ஒன்று ஏஞ்சல் விஷயத்தில் இருக்க முடியுமா? சொல்.

நீ என்னவோ சொல்ல வாயெடுக்கிறாய். வேண்டாம். அந்த ஓரத் தொட்டியைக் காட்டாதே. உள்ளே வரும்போதே பார்த்துவிட்டேன், வட்டம் போட்ட குஞ்சு ஒன்று வைத்திருக்கிறாய். அதற்குத்தான் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறேன். ரெமிஜியும் புத்தகம் கொண்டுவந்து காட்டினான். ஒரு பக்கத்தில் வட்டம், எதிர்ப் பக்கத்தில் கோடு, நடுவில் பாதி வட்டமும் பாதிக் கோடுமாக ஒன்று. புத்தகத்தில் எதை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். எனக்கோ எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், அதுவும் தமிழ்தான். எவனோ வந்து நல்ல விலை கேட்டிருப்பான், வட்டத்தைக் கொடுத்துவிட்டு எதையோ பிடித்து விட்டிருக்கிறான். செத்தவள் வந்து கேட்கவா போகிறாள். இதுதான் அன்றைக்கு எனக்குப் பட்டது. இன்றைக்கும் அதுதான்.

நான் சண்டை போடவில்லை. கை நீட்டவில்லை. டீக்கடையில் ஒருவனிடம் சொன்னேன், அவ்வளவுதான். "கீழ இருக்கறவன் மீனை மாத்தறான்பா" என்றேன். ஒரே ஒருவனிடம். நம் சந்தை உனக்குத் தெரியும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரெமிஜி பையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போனால், 'மாத்து வந்துட்டாம்பா' என்றார்களாம். பெயரே மாத்து ஆகிவிட்டது. மாத்து ரெமிஜி. மீன் வாங்குகிறவன் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இன்னா மாத்து, வூட்டுக்குப் போய் பாத்தா இதே மீன்தான இருக்கும்?" என்பான். சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். காது ஒன்று இல்லாததால் அவனுக்குப் பாதி விழும், பாதி விழாது. அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பானாம். செலின்தான் சொன்னாள், என் வாசலில் நின்று. "ஒரு வார்த்தை சொல்லிருங்கண்ணே, தெரியாமச் சொல்லிட்டேன்னு. ஒங்க வாயால சொன்னா ஊரு கேக்கும்" என்றாள். நான் கதவைச் சாத்தவில்லை. பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நான்கு மாதத்தில் காலி செய்தார்கள். எல்லாத் தொட்டியையும் வண்டியில் ஏற்றினான். அந்த ஒன்றை மட்டும் ஏற்றவில்லை.

"இது அண்ணியோட மீனு. நான் கொண்டுபோவ முடியாதுண்ணே" என்றான். தண்ணீர் மாற்றுவது எப்படி என்று காட்டினான். மூன்று மூட்டை கடல் உப்பு வைத்தான். உப்பு அளவு பார்க்க, தண்ணீரில் மிதக்கிற கண்ணாடிக் குழல் ஒன்று கொடுத்தான், அது எந்தக் கோட்டில் நிற்க வேண்டும் என்று சிவப்பு மையில் குறி போட்டிருந்தான். ஒரு தாளில் எழுதியும் கொடுத்தான். "இருவது வருசத்துக்கு மேல இருக்கும்ணே இது. நம்ம ரெண்டு பேத்துக்கும் வயசாயிரும், இது இருக்கும்" என்றான். வண்டி கிளம்புகிறபோது என் காலைத் தொட வந்தான். நான் நகர்ந்துகொண்டேன்.

போனவன் ஊரில் என்ன செய்வான். வேறு தொழில் தெரியாது. திரும்ப முங்கப் போனான். நான் போகச் சொல்லவில்லை.

மீன் விஷயத்துக்கு வருகிறேன். பதினோரு நாள் அந்தத் தொட்டியில் வைத்திருந்தேன். பன்னிரண்டாம் நாள் எனக்கு அந்தத் தொட்டி தேவைப்பட்டது. ஜோடி ஒன்று முட்டை வைக்கிற பக்குவத்தில் இருந்தது. அதனால் அவன் மீனை எடுத்து மாடியில் என் தொட்டி ஒன்றில் விட்டேன். உப்புப் போடாமல் விடவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். நம் மீனுக்கு ஏதாவது என்றால் ஒரு கைப்பிடி கல்லுப்புப் போடுவோம் இல்லையா, சரியாகிவிடும். இது கடல் மீனாயிற்றே என்று மூன்று கைப்பிடி போட்டேன். அவன் வைத்துவிட்டுப் போன மூட்டையைப் பிரிக்கவில்லை. அவன் உப்பு எனக்கு எதற்கு. என் வீட்டில் உப்பு இல்லையா?

எடுக்கும்போதுதான் கன்னத்து முள் வலையில் மாட்டிக்கொண்டது. கத்தரித்து எடுத்தேன். நான் நிதானமாகத்தான் எடுத்தேன்.

பதினோரு மணிக்கு விட்டேன். முதலில் அங்கும் இங்கும் ஓடியது. அப்புறம் ஒரு மூலையில் போய் வாயைப் பிளந்து பிளந்து நின்றது. புது இடம், பழகிவிடும் என்று நினைத்தேன். பிறகு சாய்ந்தது. நான் சாப்பிடப் போகவில்லை, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். அதன் நிறம் வெளுத்துக்கொண்டே வந்தது. மஞ்சள் போயிற்று. நீலம் சாம்பலாகப் போயிற்று. கோடெல்லாம் அழிந்து வருகிற மாதிரி இருந்தது. அப்போது வால் பக்கத்தில்…

ஒன்றுமில்லை. தண்ணீர் ஆடினால் எதுவும் வட்டமாகத்தான் தெரியும். வெயில் வேறு மேலே. ஏர் குழாய் ஓடிக்கொண்டிருந்தது, குமிழி வந்துகொண்டிருந்தது. குமிழி வட்டமாகத்தானே இருக்கும்?

ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று. நான் எண்ணினேன். குமிழிதான்.

கொஞ்சம் தண்ணீர் கொடு. ம்.

அதற்குப் பிறகு மாடியில் அந்தத் தொட்டியில் எந்த ஜோடியும் குஞ்சு எடுக்கவில்லை. முட்டை வைக்கும், ஒரு நாள் விசிறும், அடுத்த நாள் பார்த்தால் பெற்றதுகளே தின்று தீர்த்திருக்கும். பயந்தால் அப்படிச் செய்யும். எதைப் பார்த்து அங்கே பயந்தன என்று எனக்குத் தெரியாது. நான்கு ஜோடி மாற்றிப் பார்த்துவிட்டு அந்தக் கண்ணாடியை உடைத்துப் போட்டேன். கீழ்ப் போர்ஷனை யாருக்கும் விடவில்லை. வல்லியின் நாற்காலியை அப்போதே எடுத்துக் கொடுத்துவிட்டேன். ஆனாலும் மத்தியானம் மூன்று மணி வாக்கில், தெரு அடங்கியிருக்கும்போது, கீழே நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்கும். கதவைத் திறந்து பார்த்திருக்கிறேன். ஒன்றும் இருக்காது. உட்கார்ந்திருக்கிறவள் முதுகு மட்டும் இருக்கும். அதையும் நான் ஒன்றும் நினைப்பதில்லை. வயதாகிவிட்டது, கண் சரியில்லை.

ஆறு வருடத்துக்கு முன்னால் ராமேஸ்வரம் போனேன், வல்லிக்கு அங்கே ஒரு தடவை திதி கொடுத்துவிட்டால் நல்லது என்று ஐயர் சொன்னார். போன இடத்தில், பாம்பன் பக்கத்தில்தானே இருக்கிறது, ஒரு நடை போய் அவனைக் கேட்டுவிடலாம் என்று போனேன். நேருக்கு நேர் கேட்பேன். ஆமாம் அண்ணே, மாற்றிவிட்டேன் என்று அவன் வாயால் ஒரு வார்த்தை சொன்னால் போதும். எனக்குப் பழி தீர்க்கிற எண்ணமெல்லாம் இல்லை. அந்த ஒரு வார்த்தை கிடைத்தால் நான் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

அவன் வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "செலினு, யாரு வந்துருக்கா பாரு" என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினான். ஏன் இப்படிக் கத்துகிறான் என்று பார்த்தேன். இன்னொரு காதும் போய்விட்டிருந்தது. இடி விழுந்தாலும் தெரியாதாம். செலின் என்னை ஒரு பார்வை பார்த்தாள். டீ போட உள்ளே போனாள்.

நான் வாயைத் திறந்தேன். அவன் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். என்ன கேட்கப் போகிறேன் என்று அவனாகவே நினைத்துக்கொண்டு, அவன் முந்திவிட்டான்.

"அண்ணே, அண்ணியோட மீனு எப்புடிண்ணே இருக்கு? உசுரோட இருக்கா?"

நான் என்ன செய்ய? தலையை ஆட்டிவிட்டேன்.

அவன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். "எனக்குத் தெரியும்ணே. அது ஒங்க கைக்கு வந்துட்டா சாவாதுன்னு அப்பவே இவகிட்ட சொன்னேன்" என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். டீயைக் குடித்தேனா, என்ன சொல்லிவிட்டு எழுந்தேன், ஞாபகம் இல்லை.

அதிலிருந்து வருடத்தில் இரண்டு தடவை செலின் போன் செய்வாள். கிறிஸ்துமஸுக்கு ஒன்று, ஈஸ்டருக்கு ஒன்று. "இவரு கேக்கச் சொல்றாரு, மீனு நல்லாருக்கான்னு." நல்லா இருக்கு என்பேன். சும்மா நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று எத்தனை தடவை சொல்வது. கையிலிருந்து வாங்கித் தின்கிறது என்பேன். போன வருடம், அதற்கும் வயதாகிறதே என்று, இடது கண்ணில் பூ விழுந்துவிட்டது என்று சொல்லிவைத்தேன். அதற்கு ரெமிஜி இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். ஏன் சொன்னோம் என்றாகிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி போன். ஈஸ்டரும் இல்லை, ஒன்றும் இல்லை. ரெமிஜிக்குக் கழுத்தில் கட்டியாம். இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் வெள்ளிக்கிழமை சேர்க்கிறார்களாம். பிழைப்பான் என்று டாக்டர் சொல்லவில்லையாம். "வியாழக்கெழம எழும்பூருல எறங்கி நேரா ஒங்க வீட்டுக்குத்தான் வரணும்ங்கிறாரு. அந்த மீன ஒருக்கா பாத்துட்டுப் படுக்கணுமாம்." சொல்லிவிட்டு செலின் போனை வைக்கவில்லை. அப்புறம், "இருக்குல்லண்ணே?" என்றாள்.

இருக்கிறது, வரச் சொல் என்றேன்.

இப்போது புரிகிறதா நான் ஏன் உன் கடைக்கு வந்தேன் என்று. அந்தக் கடைசித் தொட்டியில் நிற்கிறதே, வெளிநாடு போகிறவர் யாரோ கொடுத்துவிட்டுப் போனது என்றாயே, அதைக் கொடு. கண் நன்றாகத்தான் இருக்கிறது. பரவாயில்லை, மருந்து போட்டுச் சரியாகிவிட்டது என்று சொல்லிக்கொள்கிறேன். விற்க வேண்டாம், இரவலாகக் கொடு. வெள்ளிக்கிழமை காலையில் கொண்டுவந்து விட்டுவிடுகிறேன். புதுத் தொட்டியில் புதுத் தண்ணீரில் விட்டால் தாங்காது என்கிறாயா? தெரியும் அம்மா, எனக்கா தெரியாது? உன் தொட்டியையே எடுத்துப் போகிறேன். உன் தண்ணீரையே டிரம்மில் பிடித்துக்கொள்கிறேன். உன் பையன் யாரையாவது கூட அனுப்பு, அவன் நின்று பார்க்கட்டும். ஒரு பிடி உப்பு நானாகப் போட மாட்டேன். சத்தியம்.

ஏன் இவ்வளவு சிரமம், செத்துவிட்டது என்று சொல்லிவிடலாமே என்கிறாய். அவன்தான் மீனை மாற்றினவன் ஆயிற்றே, அவன் வருத்தப்பட்டால் உங்களுக்கு என்ன என்கிறாய். நியாயமான கேள்விதான். அவன் ஒன்றை மாற்றினான், நான் ஒன்றை மாற்றுகிறேன், கணக்குச் சரி, இப்படி வைத்துக்கொள்ளேன். என்னைப் பார்த்து அப்படித் தலையை ஆட்டாதே.

கண்டுபிடித்துவிடுவான், ஒரு மீன் கோடு மாதிரி இன்னொரு மீன் கோடு இருக்காது, கை ரேகை மாதிரி என்கிறாய். நீ சொல்வது சரியாகத்தான் இருக்கும். அவன் கடலுக்கடியில் மீனைப் பார்த்தவன். தொட்டி முன்னால் குனிந்த உடனே அவனுக்குத் தெரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நானும் அதைத்தான் யோசிக்கிறேன். அவன் திரும்பி என் உதட்டைப் பார்ப்பான். "அண்ணே, இது வேற மீனு மாதிரி இருக்கே" என்பான்.

நான் என்ன சொல்ல முடியும்? இதே மீன்தான்டா, வயசாச்சு இல்ல, மாறிடுச்சு என்பேன்.

காதில் விழாது அவனுக்கு. உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வான். புரிந்துகொண்டு, மறுபடி மீனைப் பார்ப்பான், மறுபடி என்னைப் பார்ப்பான். அப்புறம் சரிண்ணே என்பான். அவன் நம்பிவிடுவான், அம்மா. நான் சொன்னேன் என்பதற்காக நம்பிவிடுவான். அதை நினைத்தால்தான் மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

மீனைப் பிடி. வலை வேண்டாம், கன்னத்தில் முள் இருக்கிறது. பையை உள்ளே விட்டு, தண்ணீரோடு தானாக வரவிடு. நான் அவசரப்படுத்த மாட்டேன்.